கல்லூரி வாசலுக்கு முன்னே ஒரு கோடை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்வி உதவிக்காக இவ்வாண்டு என்ன வந்தது, என்ன செலவானது என்ற கணக்கைப் பொருளாளர் அவர்கள் வாசித்துவிட்டார்கள். அறிக்கையிலும் அச்சாகியிருக்கிறது. அதை நாம் மறுபடியும் கூற வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் ஏறாத ஒரு செலவைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நம் அலுவலகத்திற்கு உதவி கேட்டு வரும் மாணவர்களில் இரு வகையினர் உண்டு. முதல் வகையினர் ஜூன், ஜூலை மாதங்களில் வருவார்கள். கையில் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் இருக்கும். கூடவே வாப்பாவோ மாமாவோ வருவார். முகத்தில் மகிழ்ச்சி தெரியும். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் தனியாகவே வருவார்கள். மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருப்பார்கள். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பார்கள். எந்தத் தேர்வு என்று கேட்டால் சற்றுத் தயங்கி, முதல் பருவத்துக் கணிதம் என்பார்கள். அரியர் என்று பிள்ளைகள் சொல்லும் அந்த நிலுவைப் பாடம், முதலாண்டில் ஒட்டிக்கொண்டது, கடைசி ஆண்டு வரை கூடவே வந்திருக்கும். வீட்டில் அது யாருக்கும் தெரியாது. வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்களில் பல, நிலுவைப் பாடம் உள்ளவர்களை நேர்முகத்திற்கே அழைப்பதில்லை. பட்டம் கைக்கு வராமல் ஒரு பையன் வளைகுடாவுக்கு விசா எடுக்கும்போது, அவன் நான்காண்டு படித்த படிப்பு அங்கே ஒரு வரியாகக்கூட எழுதப்படுவதில்லை. நாம் கொடுத்த உதவித்தொகை கணக்கில் செலவாகவே நிற்கிறது, பயனாக மாறவில்லை.

அவன் படிக்காத பிள்ளையா என்றால் இல்லை. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றவன்தான். பிறகு எங்கே தடுக்கி விழுந்தான்? பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள வாசற்படியில்தான் என்பது எங்கள் கருத்து.

நம் முன்னோர்களின் காலத்தில் கல்விக்கு வாசலே இல்லாதிருந்தது. அதற்காகத்தான் அவர்கள் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும், அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியையும் நிறுவினார்கள். இன்று வாசல் திறந்திருக்கிறது. 2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்கல்வியில் கற்பிப்புக் கட்டணச் சலுகை உள்ளது. ஆகவே உள்ளே நுழைவது முன்போல் கடினமாக இல்லை. நுழைந்த பின் முதல் ஆறு மாதம் நிற்பதுதான் கடினமாகியிருக்கிறது.

இங்கே முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் பி.யு.சி. படித்தவர்கள். அவர்களுக்கு நாம் சொல்வது உடனே விளங்கும். 1978இல் பிளஸ் டூ முறை வரும் வரை, பள்ளியை முடித்த மாணவர் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு கல்லூரியிலேயே அமர்ந்து படித்தார். ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவர் அங்கே ஆங்கில விரிவுரையைக் கேட்டுப் பழகினார், குறிப்பெடுக்கப் பழகினார், தடுமாறினார், தேறினார். அதன் பிறகே பட்ட வகுப்பு. பிளஸ் டூ வந்ததும் அந்த ஓராண்டு பள்ளிக்குள் போய்விட்டது. அதனால் பல நன்மைகள் விளைந்தன. கல்லூரி இல்லாத ஊர்ப் பிள்ளைகளும் அந்த இரண்டு வகுப்புகளை உள்ளூரிலேயே படித்தார்கள். ஆனால் பழகிக்கொள்வதற்கென்று இருந்த அந்தக் காலம் மறைந்துவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வாரத் தொடக்கப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் வகுத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடே. எனினும் ஓராண்டில் நடந்ததை மூன்று வாரத்தில் நடத்திவிட முடியாது.

அப்படியானால் காலம் எங்கே இருக்கிறது? கோடையில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ தேர்வு மார்ச் 3ஆம் நாள் தொடங்கி 25ஆம் நாள் முடிந்தது. முடிவுகள் மே 8ஆம் நாள் வந்தன. கலை, அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் ஜூன் முடியும் தறுவாயில்தான் தொடங்குகின்றன. பொறியியல் கலந்தாய்வு ஜூலையில் நடக்கிறது. ஆகக் குறைந்தது மூன்று மாதம். பொறியியல் மாணவருக்கு நான்கு மாதத்திற்கும் மேல். ஒரு மாணவனின் வாழ்நாளில் இத்தனை நீண்ட ஓய்வு மீண்டும் வருவது அரிது. அதில் அவன் என்ன செய்கிறான் என்பது நாம் அறியாததன்று. முதல் பத்து நாள் தூக்கம், அடுத்து கிரிக்கெட், அதன் பின் கைப்பேசி. பொறுப்புள்ள பிள்ளை என்றால் உறவினர் கடையில் போய் நிற்கிறான். கடையில் நிற்பதை நாம் குறை கூறவில்லை. கல்லாப்பெட்டியின் முன் கற்றுக்கொள்வதைக் கல்லூரி கற்றுத்தராது. அதோடு ஒரு மணி நேரம் சேர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கோடையில் கல்லூரிப் பாடம் என்பது புதுமையான எண்ணம் அன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1871ஆம் ஆண்டிலேயே கோடை வகுப்பைத் தொடங்கியது. 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரித்துக் கோடையையும் மற்றவற்றுக்கு நிகரான ஒரு பருவமாக்கினார். இன்று அந்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் கோடையில் முதனிலைப் பாடங்களை நடத்துகின்றன. கால்குலஸ், பொது வேதியியல், பொருளியல் அறிமுகம், ஆங்கிலக் கட்டுரை போன்றவற்றை மாணவர்கள் கோடையிலேயே முடித்துவிட்டு அடுத்த பருவத்தின் சுமையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அங்கே அது நடைபெறும் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. வழக்கமான பருவத்தில் 15 வாரம், வாரம் 3 மணி நேரம், ஆக 45 மணி நேரம் வகுப்பு. வகுப்பின் ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பொது வழக்கு. அதே பாடத்தைக் கோடையில் 6 வாரத்தில் முடித்தால், வாரம் ஏழரை மணி நேரம் வகுப்பு, 15 மணி நேரம் வீட்டுப் படிப்பு. இது ஒரே ஒரு பாடத்திற்கு. இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலைக்குச் சமம். இதனால்தான் அனுபவமுள்ளோர் ஒரு கோடையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் பெற்றோர்களோ பிள்ளையை ஒரே மே மாதத்தில் ஆங்கிலப் பேச்சு, கணினி, ஓட்டுநர் பயிற்சி, இந்தி என நான்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஜூன் பிறக்கும்போது ஓட்டுநர் உரிமம் மட்டும் கையில் இருக்கிறது!

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சிலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் இளநிலை படிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. மாணவர் விசாவில் இருப்பவர், கோடை தம் முதல் பருவமாக இல்லாதவரை, அந்த விடுமுறையில் முழுநேரமாகப் படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்பினால் ஒரு பாடம் மட்டும் எடுக்கலாம். கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்துத் தம் பல்கலைக்கழகத்திற்கு மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பாடம் ஏற்கப்படும் என்று தம் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் படித்து முடித்த பின், ஏற்க இயலாது என்ற பதில் வந்தால் காலமும் பணமும் வீணாகும். சி தரத்திற்குக் கீழ் பெற்றால் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் நிலைக்கு வருவோம். இங்கே கோடையில் படித்ததைக் கல்லூரியில் மதிப்பெண்ணாகக் கழித்துக்கொள்ளும் வழி அநேகமாக இல்லை. ஆகவே நாம் பரிந்துரைப்பது சான்றிதழுக்கான படிப்பன்று. முதல் பருவத்தில் வரவிருக்கும் பாடங்களில் எது தன்னை வீழ்த்தக்கூடுமோ அதை ஒருமுறை முன்கூட்டியே பார்த்துவிடுவது. அவ்வளவே. ஒருமுறை பார்த்த முகம் இரண்டாம் முறை அந்நியமாகத் தோன்றாது அல்லவா?

எது வீழ்த்தக்கூடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் பொறியியல் முதல் பருவத்தில் அணிகளும் நுண்கணிதமும் சேர்ந்த ஒரு தாள், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், ஆங்கிலம் ஆகியவை இருந்தன. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவது வழக்கம். 2013, 2017, 2021 என மாறிவந்திருக்கிறது. ஆகவே சேரும் ஆண்டின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் கணினி அறிவியல் படித்தவனுக்குப் பைத்தான் ஏற்கெனவே அறிமுகம். உயிரியலும் கணிதமும் எடுத்துப் படித்துவிட்டு, மருத்துவ இடம் கிடைக்காமல் பொறியியலுக்கு வருகிறவனுக்கு அது முற்றிலும் புதிது. அவன் கோடையில் தொட வேண்டியது நிரலாக்கம். அதுபோலவே அறிவியல் பிரிவில் படித்துவிட்டு பி.காம். சேரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். வணிகவியல் பிரிவிலிருந்து வந்த மாணவி குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு எல்லாவற்றையும் இரண்டாண்டு எழுதிப் பழகியிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அமரும் இவனுக்குப் பற்று எது, வரவு எது என்றே தெரியாது. நம் கடைகளில் அன்றாடம் பேரேடு எழுதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும். இதற்கு வெளியூரிலிருந்து ஆசிரியர் வர வேண்டியதில்லை.

கணிதத்தைப் பொறுத்தவரை பிள்ளைகள் அஞ்சும் அளவுக்கு இடைவெளி பெரிதன்று. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயலே அணிகளைப் பற்றியது. நேர்மாறு காண்பது, அணியின் தரம், கிராமர் விதி, காஸியன் நீக்கல் முறை அனைத்தும் அதில் உள்ளன. கல்லூரியின் முதல் அலகு அதற்கு அடுத்த படியான ஐகன் மதிப்பிலிருந்து தொடங்குகிறது. பகுதி வகையிடலும் பள்ளி நூலிலேயே வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தோல்வி எதனால்? தமிழ்வழியில் படித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். பெரும்பாலோர் சொன்ன காரணம் கணக்கு புரியவில்லை என்பதன்று. பேராசிரியர் பேசியது எதைப் பற்றி என்றே முதல் மாதம் விளங்கவில்லை என்பதுதான்.

இதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். ஏனெனில் பெற்றோர்கள் பலர் இதனை அறிவுக் குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள். அணிக்கோவை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். உடனே விரித்துக் காட்டுவான். டிடெர்மினென்ட் என்று கேளுங்கள்; விழிப்பான். இரண்டும் ஒன்றே. வகைக்கெழு அவனுக்குத் தெரியும், டெரிவேட்டிவ் தெரியாது. தொகையிடல் தெரியும், இன்டெக்ரேஷன் தெரியாது. இயற்பியலில் உந்தம் தெரியும், நிலைமம் தெரியும். மொமென்டம், இனர்ஷியா என்றால் புதிய பாடம் என்று நினைத்துக்கொள்கிறான். கணக்குப் பதிவியலில் தேய்மானம் எழுதத் தெரிந்த பெண், டிப்ரிஷியேஷன் என்ற சொல்லைக் கேட்டு மலைக்கிறாள். பொருள் உள்ளே இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவனை வெளிநாட்டு உடையில் கண்டு அடையாளம் தெரியாமல் நிற்பது போன்றது இது.

இதற்கு மருந்து பெரிய செலவுடையதன்று. பாடநூலின் இறுதியில் கலைச்சொற்கள் தரப்பட்டிருக்கும் இடங்களில் அவற்றையும், இல்லாத இடங்களில் தமிழ்வழி நூலையும் ஆங்கிலவழி நூலையும் அருகருகே வைத்துக்கொண்டும், நாளொன்றுக்கு 15 சொற்களை எழுதிப் படித்தால் 40 நாளில் 600 சொற்கள். முதல் பருவத்துக்கு அது போதுமானது. இரு நூல்களும் அரசின் பாடநூல் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இயலுக்கு இயல் இரண்டும் ஒத்திருக்கும். சொல்லை எழுதினால் மட்டும் போதாது; வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பார்த்த சொல் காதில் விழும்போது வேறாக ஒலிக்கும். முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்று சுவரொட்டி ஒட்டும் வகுப்புகளைக் காட்டிலும் இந்த 600 சொற்களே பயன் தரும் என்று நாம் உறுதியாகக் கருதுகிறோம். அங்கே சொல்லித்தருவது கடையில் பொருள் வாங்கும் உரையாடல். கல்லூரியில் வேண்டியது விரிவுரையைக் கேட்டுப் புரியும் காது.

அந்தக் காதைப் பழக்குவதற்கு இன்று வழிகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் காணொளி விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2017இல் வந்த ஸ்வயம் தளத்திலும் அவ்வாறே. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம். தேர்வுடன் கூடிய பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குவதால் கோடைக்கு அவை பொருந்திவருவதில்லை. முந்தைய ஆண்டுகளின் விரிவுரைகளைப் பார்ப்பதே நமக்குப் போதும். ஒரு நாளைக்கு அரை மணி நேர விரிவுரை ஒன்று. முதல்முறை வெறுமனே கேட்க வேண்டும். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்க வேண்டும். முதல் வாரம் பாதியும் புரியாது, அதில் வியப்பில்லை.

சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பைப் பற்றியும் பலர் கேட்டிருந்தனர். 2020இல் அறிவிக்கப்பட்டு 2021 தொடக்கத்தில் வகுப்புகள் ஆரம்பமான படிப்பு அது. ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, எந்தப் பிரிவில் பிளஸ் டூ தேறியவரும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை என்ற நான்கு அறிமுகப் பாடங்களை நான்கு வாரம் நடத்துகிறார்கள். வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அவற்றில் தகுதி பெற்றவர் நேரில் சென்று தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் அடிப்படை நிலையில் சேரலாம். ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று பருவங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உள்ளது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்க அனுமதி அளித்துவிட்டதால், உள்ளூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் தொடரலாம். வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர்களின் பெண் பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தமான வழி. ஆனால் வீட்டிலிருந்து படிப்பதால் எளிது என்று எவரும் எண்ண வேண்டாம். சேர்வது எளிது, நிலைப்பது எளிதன்று. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க இயலாதவர் இதில் பணம் கட்டுவதை நாம் பரிந்துரைக்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கூறினோம். பிளஸ் டூ முடித்த கோடைதான் நம் வீடுகளில் சம்பந்தம் பேசும் காலமாகவும் இருக்கிறது. அது அவரவர் குடும்ப விஷயம்; அதில் நாம் தலையிட முன்வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். அந்த மூன்று மாதமும் புத்தகத்தைத் தொடாத பெண், கல்லூரிக்குப் போகலாமா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் எழும்போது வாய்மூடி இருந்துவிடுகிறாள். வாரம் ஐந்து நாள் பாடம் படித்துக்கொண்டிருப்பவள், எனக்கு இந்தப் படிப்பு, இந்தக் கல்லூரி, முதல் பருவத்தில் இன்னின்ன தாள்கள் என்று தெளிவாகச் சொல்கிறாள். வாப்பாமார்கள் தெளிவான பதிலுக்குச் செவிசாய்க்கவே செய்கிறார்கள்.

இனி நம் ஜமாஅத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதைக் கூறுவோம். மே மாதத்தில் காலை வேளையில் தீனிய்யாத் கோடை வகுப்பு நம் மண்டபத்தில் வழக்கம்போல் நடைபெறும். அதற்கு எந்த இடையூறும் இராது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் எட்டு வாரம், மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் மாணவர்களுக்குக் கல்லூரி அறிமுக வகுப்பு நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். ஐந்தெட்டு நாற்பது மணி நேரம். அமெரிக்கக் கல்லூரியின் ஒரு பாடத்துக்குரிய 45 மணிக்கு அது ஏறத்தாழச் சமமாகிறது. கடைக்குப் போகும் பிள்ளையும் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்த நேரத்தில் வரக்கூடும். முதலாளிகளில் பலர் இக்கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். மாணவிகளுக்கு லுஹருக்குப் பின் மதரஸாக் கட்டிடத்தில் தனி வகுப்பு. மருத்துவ நுழைவுத் தேர்வு மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், அதை எழுதுகிறவர்கள் அதற்குப் பிறகு சேர்ந்துகொள்ளலாம். விட்டுப்போன கணிதப் பகுதி அவர்களுக்கு மட்டும் ஞாயிறுகளில் நடத்தப்படும்.

பாடம் இரண்டே. எல்லோருக்கும் பொதுவாகக் கலைச்சொற்களும் விரிவுரை கேட்கும் பயிற்சியும். அதனுடன் கணிதம், கணக்குப் பதிவியல், நிரலாக்கம் ஆகிய மூன்றில் அவரவருக்கு வேண்டிய ஒன்று. இரண்டு கேட்டாலும் ஒன்றுதான் தரப்படும். காரணத்தை முன்னரே கூறிவிட்டோம். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதில்லை. நிரலாக்கத்தின் முதல் பயிற்சிகளைத் தாளில் எழுதியும் கைப்பேசியின் உலாவியில் இயக்கியும் பார்க்கலாம். அலுவலகக் கணினி இரண்டையும் அந்த நேரத்திற்கு ஒதுக்கியிருக்கிறோம். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்கலாமே என்று சிலர் கூறினர். முடிவு வருவதற்குள் ஒன்றரை மாதம் கடந்துவிடும் என்பதால் அந்த யோசனையை ஏற்கவில்லை. குறைந்த மதிப்பெண் வந்துவிடுமோ என அஞ்சும் பிள்ளையும் வரட்டும். அப்படியே வந்தாலும் ஜூன், ஜூலையில் நடைபெறும் துணைத் தேர்வுக்கு அதே கணிதம் உதவும்.

செலவைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது. ஜகாத் நிதியிலிருந்து இதற்கு எடுக்கலாமா என்பதை உலமாக்கள்தாம் கூற வேண்டும். நாம் அதனைத் தொடவில்லை. பொது நன்கொடையில் கல்விக்கென வந்த தொகையிலிருந்தே ஆசிரியர் மதிப்பூதியமும் அச்சுச் செலவும் வழங்கப்படும். மாணவரிடம் கட்டணம் பெறுவதில்லை. எனினும் காரணமின்றி தொடர்ந்து ஐந்து நாள் வராதவரின் இடம் காத்திருப்போருக்குத் தரப்படும். இதில் எவருடைய பரிந்துரையும் ஏற்கப்படாது என்பதை நிர்வாகிகளின் உறவினர்களுக்கும் சேர்த்தே தெரிவித்துக்கொள்கிறோம்.

பெயர் பதிவதற்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை; பள்ளி அடையாள அட்டை போதும். பிளஸ் டூ கணித நூலின் இரு தொகுதிகளையும், இருந்தால் ஆங்கிலவழி நூலையும் முதல் நாளே கொண்டுவர வேண்டும். கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகள் தம் முதலாண்டுக் குறிப்பேடுகளை வீட்டில் எடைக்குப் போட்டுவிடாமல் அலுவலகத்தில் ஒப்படைத்தால் பெரிதும் உதவியாக இருக்கும். கணிதத்திற்கும் கணக்குப் பதிவியலுக்கும் ஆசிரியர்கள் இசைந்துவிட்டார்கள். நிரலாக்கத்தைப் பொறியியல் படித்த நம் இளைஞர்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள். மாணவிகள் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியை ஒருவர் மட்டும் இன்னும் தேவை. ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் வீட்டார் இங்கிருந்தால், இன்று இஷாவுக்குப் பின் செயலாளர் அவர்களைச் சந்திக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.